சனிக்கிழமை எருமை

என் மகன் வாங்கிக் கொடுத்த காருக்கு எதைக் கண்டாலும் பயம். பெல்ட் போடாவிட்டால் கத்தும். எதிரே மண்மேடு தெரிந்தால் கத்தும். கோட்டைத் தாண்டினால் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுக்கும். கட்டபெட்டிலிருந்து குன்னூர் போகிற ரோட்டில் கோடு எங்கே முழுசாக இருக்கிறது? பாதி மழையில் போய்விட்டது, மீதி குழி மூடினவர்களின் தாருக்கு அடியில் கிடக்கிறது. இல்லாத கோட்டை இருக்கிறதாக நினைத்துக்கொண்டு அது என் கையோடு மல்லுக்கட்டும். அந்த இழுப்பை அணைத்து வைத்தாலும் மறுநாள் வண்டியை எடுக்கும்போது மறுபடி உயிர் பெற்றிருக்கும். எஸ்டேட் ஆபீசில் முப்பத்தோரு வருஷம் பெரிய கிளார்க்காக இருந்தவன் நான். எத்தனையோ பிடிவாதக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். இது மாதிரி ஒன்றைப் பார்த்ததில்லை.

என் மனைவிக்கு உடம்பு முடியாமல் போனபோது வாங்கிய வண்டி அது. மாதம் இரண்டு தடவை கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. எங்கள் பழைய வண்டி பர்லியார் வளைவுகளில் முனகுவதை மகன் ஒருமுறை லீவில் வந்தபோது கேட்டுவிட்டான். அவன் புனேயில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். திரும்பிப் போன மாதமே இந்த வண்டியை அனுப்பி வைத்தான். இதில் ஆறு காற்றுப்பை, முன்னால் ஒரு கேமரா, ஆபத்து என்றால் தானே பிரேக் போட்டுக்கொள்ளும் வசதி எல்லாம் உண்டு. நான் எங்கே இருக்கிறேன், எவ்வளவு வேகத்தில் போகிறேன், எங்கே பலமாக பிரேக் போட்டேன் என்பதெல்லாம் அவனுடைய போனுக்கே போய்விடும். எட்டு மாதம் அதில் போய் வந்தோம். பிறகு கோயமுத்தூர் போக வேண்டிய தேவை இல்லாமல் போனது.

அவள் ஸ்டியரிங்கைத் தொட்டதே கிடையாது. ஆனாலும் முப்பது வருஷம் வண்டியில் பாதியை அவள்தான் ஓட்டினாள். வலப்பக்கம் மலை இருக்கிற வளைவில், எதிரே வருவது இடது சீட்டில் இருப்பவருக்குத்தான் முதலில் தெரியும். அவள் அங்கே உட்கார்ந்துகொண்டு "வரல, போங்க" என்பாள். "பஸ்ஸு" என்பாள். ஏறி வருகிற வண்டிக்கு நான் ஒதுங்கி வழி விட வேண்டிய இடத்தில் தொண்டையைச் செருமுவாள், அது போதும். மலைப்பனி மூடி மிஸ்டு இறங்கினால் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, ரோட்டின் விளிம்பைப் பார்த்துக்கொண்டே வருவாள். வீட்டுக்கு வரும்போது தலைமுடியெல்லாம் நனைந்திருக்கும். நான் அவளை ஒரு நாளும் மெச்சினதில்லை. சும்மா உட்கார்ந்து வர்றதுக்கு என்ன வாய் என்றுதான் கேலி பண்ணியிருக்கிறேன்.

அவள் போன பிறகு, சனிக்கிழமை காலையில் குன்னூர் மார்க்கெட்டுக்குப் போய், மதியத்துக்குள் திரும்புவது மட்டும்தான் எனக்கு ஊர்ப்பயணம். காய்கறிப் பையை இடது சீட்டில் வைப்பேன். முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும் கொஞ்சம் கனமாக இருந்தால் போதும், யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள், பெல்ட் போடவில்லை என்று வண்டி கத்த ஆரம்பித்துவிடும். பையைத் தூக்கிப் பின்னால் வைத்தால் தீர்ந்தது. ஆனாலும் நான் பைக்கு பெல்ட் மாட்டிவிடுவேன். காலி சீட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்ட எனக்குப் பிடிக்கவில்லை. வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

மகனைக் குற்றம் சொல்ல மாட்டேன். காரியம் முடிந்து போனவன் முதலில் தினமும் கூப்பிட்டான். பிறகு வாரத்துக்கு இரண்டு முறை. பிறகு, வேலை என்று ஒன்று இருக்கிறதே. நான் கூப்பிட்டால் "மீட்டிங்ல இருக்கேன்ப்பா, அப்புறம் கூப்பிடறேன்" என்பான். அந்த அப்புறத்துக்காக நான் போனை சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு சமைப்பேன், குளிக்கப் போகும்போது ஜன்னலில் வைத்துவிட்டுப் போவேன். சில நாள் வரும், பல நாள் வராது. நான்கைந்து தடவை அப்படி ஆன பிறகு நானாகக் கூப்பிடுவதை விட்டுவிட்டேன். கூப்பிட்டு மறுக்கப்படுவதைவிடக் கூப்பிடாமல் இருப்பது கொஞ்சம் மரியாதையாக இருந்தது.

அப்படி இருந்தபோதுதான் நிஜமாகவே ஒரு காட்டெருமை வந்தது. ஒரு சனிக்கிழமை, மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்பும் வழியில், தேயிலைச் செடிகளுக்குள்ளிருந்து நிதானமாக இறங்கி ரோட்டின் நடுவில் நின்றது. வண்டி கத்துவதற்கு முன்பே நான் பிரேக்கை மிதித்துவிட்டேன். அது என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நமக்கென்ன அவசரம் என்று கீழ்த் தோட்டத்துக்குள் இறங்கிப் போனது. பத்து நிமிஷம் ஆகியிருக்காது, போன் வந்தது.

"அப்பா, என்னாச்சுங்க? பிரேக்கைப் பலமாப் போட்டதா எனக்கு வந்திருக்குது."

ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசினேன். எருமை எவ்வளவு பெரிசு, கொம்பு எப்படி என்று கேட்டான். அப்புறம் என்ன காய் வாங்கினேன், ராத்திரி தூக்கம் வருகிறதா, சுவரில் ஈரம் இறங்குகிறதே அதைப் பார்த்தேனா என்றெல்லாம் கேட்டான். அம்மா வைக்கிற கொள்ளு ரசத்தைத் தானும் வைத்துப் பார்த்ததாகவும் அந்த ருசி வரவில்லை என்றும் சொன்னான். அரை மணி நேரத்துக்கு மேல் பேசினோம். அவ்வளவு நேரம் அவன் குரலைக் கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு ஆளுக்குச் சமைத்து, இரண்டு வேளையும் அதையே சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் எருமை வரவில்லை, போனும் வரவில்லை. அதற்கடுத்த வாரம் ஒரு நாய் குறுக்கே ஓடியது. மெதுவாகப் பிடித்திருந்தாலே போதும், கொஞ்சம் பலமாகவே மிதித்தேன். போன் வந்தது. மூன்றாவது தடவை எருமையும் வரவில்லை, நாயும் வரவில்லை. பஸ் ஸ்டாப்புக்குக் கொஞ்சம் முன்னால், சவுக்கு மரங்கள் வரிசையாக நிற்கிற நேர் ரோட்டில், முன்னும் பின்னும் பார்த்துவிட்டு நானாகவே மிதித்தேன். பெல்ட் மாட்டியிருந்த பை முன்னால் போய்ப் பின்னால் வந்தது. வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் போன் அடித்தது. காட்டெருமை வந்துவிட்டது என்றேன்.

அப்படியே பழக்கமாகிவிட்டது. சனிக்கிழமை என்றால் எருமை. சில வாரம் ஒற்றை எருமை, சில வாரம் குட்டியோடு. இத்தனை எருமை எங்கிருந்து வருகிறது என்று அவன் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. போகப் போக பிரேக்கைப் பற்றியும் கேட்பதில்லை. "எங்க இருக்கீங்க, எல்லாம் சரிதானுங்களே" என்பான். அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே நான் எருமைக் கதையை ஆரம்பித்துவிடுவேன். சில சனிக்கிழமை மிதித்தும் போன் வராது. மிதித்தது பத்தவில்லை போலிருக்கிறது என்று நினைத்து அடுத்த வாரம் இன்னும் அழுத்தி மிதிப்பேன். வந்துவிடும். அறுபத்து மூன்று வயசுக்காரன் செய்கிற காரியமா இது என்று கேட்டால், இல்லைதான்.

ஆரம்பத்தில் மிதிப்பதற்கு முன் கண்ணாடியில் பின்னால் பார்ப்பேன். நாளாக ஆக அதையும் விட்டுவிட்டேன். எதற்கெடுத்தாலும் கத்துகிற வண்டி, பின்னால் யாராவது வந்தால் சொல்லாமலா இருக்கும் என்கிற நினைப்பு. முப்பது வருஷம் இடது சீட்டை நம்பியே ஓட்டினவன் அல்லவா? யாராவது ஒருத்தர் எனக்காகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த வேலையை யாரையும் கேட்காமல் வண்டியிடம் கொடுத்துவிட்டேன். முன்னால் வருவதையும் பக்கத்தில் வருவதையும் மட்டும்தான் அது சொல்லும், நேர் பின்னால் ஒட்டிக்கொண்டு வருபவனைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது என்று பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

மிஸ்டு இறங்கிவிட்டால் எங்கள் ரோட்டில் ஒரு வழக்கம் உண்டு. தெரிந்தவர் வண்டி முன்னால் போனால் அதன் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போய்விடுவார்கள். தள்ளிப் போனால் விளக்கு மறைந்துவிடும், அதனால் நெருங்கித்தான் போக வேண்டும். முன்னால் போகிறவர் யார், எங்கே மெதுவாகப் போவார், எங்கே ஹாரன் அடிப்பார் என்பது பின்னால் வருபவருக்கு மனப்பாடம். எந்த டிரைவிங் ஸ்கூலிலும் சொல்லித் தர மாட்டார்கள். சமவெளியிலிருந்து வருகிறவர்கள் பார்த்தால் பைத்தியக்காரத்தனம் என்பார்கள். நான் மலைக்காரன், நானும் எத்தனையோ தடவை அப்படிப் போய் வீடு சேர்ந்திருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை பதினோரு மணிக்கே மிஸ்டு இறங்கிவிட்டது. கேமராவுக்கு ஒன்றும் தெரியவில்லை, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி இங்கிலீஷில் ஒரு வரி வண்டியின் திரையில் வந்தது. நான் அதைப் படிப்பதை நிறுத்தி ரொம்ப நாளாகியிருந்தது. அதற்கு முந்தின இரண்டு வாரமும் மகன் கூப்பிடவில்லை. சவுக்கு மர வரிசை வந்தது. ரோட்டில் யாருமில்லை என்று நானே முடிவு செய்துகொண்டு, இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு மிதித்தேன்.

பின்னால் டயர் தேய்கிற சத்தம், பிறகு ஒரு மோதல். என் வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை. இறங்கி ஓடிப் பார்த்தால், பச்சைத் தேயிலை ஏற்றிக்கொண்டு ஃபேக்டரிக்குப் போகிற பிக்கப் வண்டி இடது பக்க மண்மேட்டில் மோதி, இடது சக்கரம் இரண்டும் ரோட்டோர ஓடைக்குள் இறங்கி நின்றது. வலப்பக்கம் திருப்பியிருந்தால் கீழே தோட்டத்துக்குள் உருண்டிருக்கும். பின்னால் தேயிலைச் சாக்குகளின் மேல் மூன்று பெண்கள், இலை பறித்துவிட்டு வருகிறவர்கள். ஒருத்தி கீழே விழுந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டிரைவர் எனக்குத் தெரிந்தவன். நான் ஆபீசில் இருந்த காலத்தில் எங்கள் எஸ்டேட்டில் லாரிக்கு கிளீனராக வந்தவன், இப்போது ஒரு தேயிலைத்தூள் ஃபேக்டரி முதலாளியின் வண்டியை ஓட்டுகிறான். அவன் தன் வண்டியைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் என்னிடம்தான் ஓடி வந்தான். எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டான். காட்டுமாடு வந்ததா என்று கேட்டான்.

நான் ஆமாம் என்றேன். அந்தப் பொய் வாயிலேயே தயாராக இருந்தது.

அந்தப் பெண்ணை என் வண்டியில் குன்னூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பையைப் பின்னால் போட்டுவிட்டு அவளை இடது சீட்டில் உட்கார வைத்தேன். ஒரு கையால் அவளால் பெல்ட் மாட்ட முடியவில்லை, வண்டி கத்தியது, நான் மாட்டிவிட்டேன். நாற்பது வயசு இருக்கும். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒரு வளைவில் அவளாகவே எட்டிப் பார்த்து, வரலீங்க, போங்க என்றாள். அந்தச் சீட்டிலிருந்து ஒரு மனுஷக் குரல் வந்து இரண்டு வருஷமாகியிருந்தது. எனக்குக் கண் கலங்கி ரோடு மங்கியது. மிஸ்டுதான் காரணம் என்று அவள் நினைத்திருப்பாள்.

பாதி வழியில் மகன் கூப்பிட்டான். வண்டிக்குள் அவன் குரல் பெரிசாகக் கேட்டது. எருமை வந்தது, பின்னால் வந்த பிக்கப் மேட்டில் ஏறிவிட்டது என்றேன். உங்களுக்கு அடி இல்லையே, நல்ல வண்டி, அதுதான் காப்பாற்றியிருக்கிறது, பின்னால் வந்தவன் கொஞ்சம் கவனித்து ஓட்டியிருக்க வேண்டும் என்றான் அவன். அந்தப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எலும்பு உடைந்திருந்தது. ஆறு வாரம் கட்டு. திங்கட்கிழமை அவளைப் பார்க்க, எஸ்டேட் ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லைன் வீட்டுக்குப் போனேன். அவள் தன் கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. டிரைவரை முதலாளி நிறுத்திவிட்டார் என்றாள். இடைவெளி விடாமல் ஓட்டினான், ஆட்களை வேறு ஏற்றியிருந்தான் என்று சொல்லி சாவியை வாங்கிக்கொண்டாராம்.

அங்கிருந்து நாலு வீடு தள்ளித்தான் அவன் வீடு. வாசலில் உட்கார்ந்திருந்தவன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். முதலாளியிடம் உனக்காகப் பேசட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றான்.

"தப்பு என்னுதுதானுங்க. மிஸ்டுல உங்க லைட்டைப் பாத்துட்டேதானுங்க வந்தேன். கிளார்க்கய்யா வண்டிக்குப் பின்னால போனா பயமில்லைன்னு பொம்பளைங்ககிட்டயும் சொல்லிட்டு வந்தனுங்க."

அப்படியே திரும்பி வந்துவிட்டேன். அன்றைக்குச் சொல்லத் தைரியமில்லை. சொன்னால் விஷயம் மகனுக்குப் போகும், அவன் சாவியை வாங்கிக்கொள்வான். வண்டி இல்லை என்றால் எருமை இல்லை, எருமை இல்லை என்றால் சனிக்கிழமை போன் இல்லை. வேலை போனவனுக்கு வேறு வேலை கிடைக்கும், எனக்கு வேறு மகன் கிடைப்பானா என்றுகூட யோசித்தேன். அவ்வளவு கேவலமாக யோசித்தவன் நான்தான், வேறு யாருமில்லை. புதன்கிழமை வரைக்கும் அந்த யோசனையோடு இருந்தேன். வண்டியை எடுக்கவில்லை. யாரும் வரவில்லை, போகவில்லை. பால்காரர் மட்டும் கேட்டில் பாக்கெட்டைத் தொங்கவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை ஃபேக்டரிக்கு நடந்தே போனேன். இலை எடை போடுகிற இடத்தில் முதலாளி நின்றுகொண்டிருந்தார். டிரைவரையும் வரச் சொல்லியிருந்தேன். எருமை எதுவும் வரவில்லை, ரோடு காலியாக இருந்தது, நான் வேண்டுமென்றேதான் பிரேக் போட்டேன், அவன் மேல் தப்பில்லை என்று சொன்னேன். எதற்கு என்று முதலாளி கேட்டார். அதையும் சொன்னேன். சுற்றி நின்றவர்கள் சாக்கைத் தூக்குவதை நிறுத்திவிட்டார்கள். முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே போய் சாவியை எடுத்து வந்து டிரைவர் கையில் கொடுத்தார். ஆட்களை மட்டும் இனிமேல் ஏற்றாதே என்றார்.

டிரைவர் என்னோடு கேட் வரைக்கும் வந்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏனுங்கய்யா, ஒரு போன் போட்டிருக்கலாமுங்களே" என்றான்.

அன்று சாயங்காலம் போட்டேன். மீட்டிங்கில் இருக்கிறேன் என்றான். இன்றைக்கு அப்புறம் வேண்டாம், இப்போதே கேள் என்றேன். அவன் எழுந்து வெளியே வருகிற சத்தம் கேட்டது. முதல் எருமையைத் தவிர மற்ற எல்லா எருமையும் பொய் என்று சொன்னேன். நீ கூப்பிடுவாய் என்பதற்காகத்தான் மிதித்தேன் என்றேன். ஒரு பெண்ணின் கையை உடைத்ததையும், ஒருத்தன் வேலையைக் கெடுத்ததையும் சொன்னேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

"அப்பா, அந்த பிரேக் விஷயமெல்லாம் எனக்கு வர்றது நின்னு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சுங்க. வண்டி வாங்கின புதுசுல ஃப்ரீயா குடுத்திருந்தாங்க, அது முடிஞ்சுருச்சு, நான் புதுப்பிக்கல. சனிக்கிழமைன்னா மார்க்கெட் போயிட்டு வருவீங்கன்னு தெரியும். அம்மா இருக்கும்போது அந்த நேரத்துலதானே நான் கூப்பிடுவேன்."

ஒரு வருஷத்துச் சனிக்கிழமைகளை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அவன் தானாகவே கூப்பிட்டிருக்கிறான். நான்தான் ஒவ்வொரு தடவையும் எருமையைக் குறுக்கே நிறுத்தியிருக்கிறேன். அந்தப் பெண்ணின் எலும்பு ஒன்றுமில்லாததற்கு உடைந்திருக்கிறது. வண்டியைக் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். அதை நீங்களே முடிவு பண்ணுங்கப்பா என்று சொல்லி வைத்துவிட்டான். அவன் குரல் கோபமாக இருந்ததா, அழுததா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அந்தப் பெண்ணுக்குக் கட்டு பிரிக்கிற வரைக்கும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது நான்தான். அவளிடமும் சொன்னேன். தெரியுமுங்க என்றாள். அதன்பிறகு எந்த வளைவிலும் அவள் வாயைத் திறக்கவில்லை, நேராகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வண்டியை வைத்துக்கொண்டிருக்கிறேன். கண்ணாடியை இறக்கிவிட்டு, வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்து, பதில் ஹாரன் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டு ஓட்டுகிறேன். வண்டி கத்தினால் கத்தட்டும். பின்னால் அடிக்கடி பார்த்துக்கொள்கிறேன். போன சனிக்கிழமை மறுபடி மிஸ்டு இறங்கியது. பின்னால் அந்த பிக்கப் வந்தது, ஹாரனை வைத்தே அடையாளம் தெரிந்தது. நெருங்கி வரட்டும் என்று மெதுவாகப் போனேன். அவனும் மெதுவாக்கிக்கொண்டான். சவுக்கு மர வரிசையைத் தாண்டும்போது அவன் விளக்கு பின்னால் சுத்தமாக மறைந்துவிட்டது.

பஸ் ஸ்டாப்பில் ஒதுக்கி நிறுத்தி அவன் கடந்து போகட்டும் என்று காத்திருந்தேன். போன் அடித்தது. இரண்டு மாதத்துக்குப் பிறகு மகன் கூப்பிடுகிறான். வீட்டுக்குப் போய்விட்டீர்களா என்றான், இல்லை என்றேன்.

"இன்னைக்கு ஏதாவது வந்துச்சுங்களா?" என்று கேட்டான்.

"ஒண்ணும் வரல. ரோடு காலி" என்றேன்.